வெட்டுதலும் கொல்லுதலும்

திருக்குறளிலே பகைத்திறம் தெரிதல் என்னும் அதிகாரத்தைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம், அங்கே உவமையாக வரும் முள்மரத்தை விரைவிலே கடந்து போய்விடுவது என் வழக்கம். முள்மரத்தை அது சிறிதாயிருக்கும்போதே தொலைத்துவிட வேண்டும். முற்றவிட்டால், களைய வருவோன் கையையே அது வருத்தும். உவமை எளிது, பொருளும் வெளிப்படை. உரையையுங் கூறிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். இவ்வாறு முப்பது ஆண்டுகளாகப் படிப்பித்து வந்த எனக்கு, அப்பாட்டிலே வள்ளுவர் ‘வெட்டுக’ என்னாது ‘கொல்க’ என்றது ஏன் என்ற ஐயம் ஒருநாளேனும் எழுந்ததில்லை. அந்த ஐயத்தை எழுப்பியவர் உரையாசிரியர் எவருமல்லர். மன்னார்த் தீவிலே என் தமக்கையாரின் வளவில் நின்ற சீமைக்கருவேல மரங்களே அதனை எழுப்பின.

மன்னார்த் தீவைக் கண்டிராத அன்பர்களுக்கு அதன் இயல்பைச் சிறிது சொல்லுதல் வேண்டும். ஈழத்தின் பெருநிலத்திலிருந்து வடமேற்காக இராமேசுவரத்தை நோக்கி நீட்டிய கைபோலக் கிடப்பது அது. மண்ணெல்லாம் மணல். மழையோ பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைதான். பெய்த நீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேலே மெல்லியதொரு படலமாய் மிதந்து நிற்கும். அந்தப் படலமே எங்கள் கிணறுகளின் ஊற்று. கிணறு ஆழமில்லை, எட்டிப் பார்த்தால் முகந் தெரியும். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். தரையிலே எதைக் கொட்டினாலும் அது சில நாளில் நீரோடு சேர்ந்துவிடும். ஆகவே, நன்னீர்க் கிணறு உள்ள வளவென்றால் எங்கள் பக்கத்தில் அது பொன் விளையும் பூமிக்கு ஒப்பு.

இத்தீவிலே மரமென்றால் பனைதான் முதலில் நினைவுக்கு வரும். அடுத்தது குடை விரித்தாற்போல் நிற்கும் உடை. சங்கச் சான்றோர் பாடிய உடையை ஏட்டிலே மாத்திரம் படித்த மாணவர்கள், மன்னாருக்கு வந்தால் நேரிலே காணலாம். வெளியிலிருந்து வந்த மரமும் ஒன்றுண்டு. பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்க மரத்தின் அடி ஏறக்குறைய 19 மீற்றர் சுற்றளவுடையது. ஆபிரிக்கக் கரையைத் தாயகமாகக் கொண்ட அதனை அராபிய வணிகர் கொண்டுவந்தனர் என்பது செவிவழிச் செய்தி. பல நூற்றாண்டாக அது எங்களூர் மரமாகவே நிற்கின்றது. எவருடைய நிலத்தையும் அது கவர்ந்ததில்லை. எனவே, அந்நிய மரமென்ற காரணத்துக்காக எந்த மரத்தையும் நான் வெறுப்பவனல்லன்.

சீமைக்கருவேலின் கதை வேறு. மெக்சிக்கோ, நடு அமெரிக்கா, கரிபியன் தீவுகள், தென்னமெரிக்காவின் வடபகுதி ஆகியவை அதன் பிறந்தகம். 1877ஆம் ஆண்டளவில் அதன் விதை இந்தியாவுக்கு வந்தது. வறண்ட நாட்டுக்கு விறகு வேண்டும் என்ற நன்னோக்கமே அதனை வருவித்தது. தமிழ்நாட்டார் அதற்கு வேலிக்காத்தான் என்றும் ஒரு பெயரிட்டனர். இலங்கையில் அம்பாந்தோட்டைப் பக்கத்து உவர்நிலத்தைத் திருத்துவதற்காகக் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் நட்டனர். இன்றோ அது அப்பகுதியிலுள்ள பூந்தல தேசிய வனத்துக்குட் புகுந்து, பறவைகள் மேயும் வெளிகளை மூடிவிட்டது. எங்கள் பக்கத்திலும், பூநாரைகள் இறங்கும் வங்காலைக் கழிகளின் ஓரத்திலே அதே மரத்தைக் காண்கிறேன். காய் இனிப்பானது, மாடும் ஆடும் கழுதையும் விரும்பித் தின்னும். இலையை அவை தீண்டா. தின்ற காயின் விதை சாணத்தோடு வெளிப்பட்டு, எருவும் ஈரமும் ஒருங்கே பெற்று முளைக்கும். மன்னார்த் தெருக்களிலே திரியும் கழுதைக் கூட்டத்தைக் கண்டோர், இம்மரத்துக்கு இங்கே எத்தனை ஏவலாளர் உளர் என்பதை உணர்வர்.

இம்மரத்தோடு எனக்கு முதற் பழக்கம் ஏற்பட்டது மன்னாரிலன்று. 1990ஆம் ஆண்டிலே போர் எங்களை விரட்டியபோது, தாயாரையும் தமக்கையாரையும் அழைத்துக்கொண்டு படகேறி அக்கரை சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபது வயது. மண்டபம் முகாமிலே எங்கள் அடுப்பை எரித்தது சீமைக்கருவேல்தான். இராமநாதபுரச் சீமையிலே அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த ஏழைக் குடும்பங்கள் பல. வெட்டியவன் அதை மறுபடி நடுவதில்லை, நீர் விடுவதுமில்லை. சில ஆண்டுகள் கழித்து வந்தால் அடியிலிருந்து பத்துக் கிளை எழுந்து, மறு வெட்டுக்கு ஆயத்தமாய் நிற்கும். ‘வெட்ட வெட்டத் தழைக்கிற மரம், ஏழைக்குக் கடவுள் கொடுத்தது’ என்று ஒரு மூதாட்டி சொன்னது இன்றும் என் காதில் நிற்கிறது. அங்கே வரமாய்த் தோன்றிய அக்குணமே இங்கே எனக்குச் சாபமாயிற்று.

நான் சில ஆண்டுகளில் திரும்பிவிட்டேன். தமக்கையார் அக்கரையிலேயே தங்கி, 2009இலே போர் முடிந்த பின்னர்தான் வந்தார். இருபது ஆண்டு ஆளில்லாத வளவு எப்படி இருக்கும்! பனைகள் நின்றன; வீடு இல்லை; கிணற்றைக் காணவில்லை. எங்கும் சீமைக்கருவேற் பற்றை. இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1990 ஒக்ரோபரிலே வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலே அகதிகளாய் வாழ்ந்த எங்கள் முஸ்லிம் சகோதரர்கள், எருக்கலம்பிட்டிக்கும் தாராபுரத்துக்கும் மீண்டபோது, தம் வேலி எது, அயலான் வேலி எது என்று அறியாமல் பற்றைக்கு முன்னே நின்றதைக் கண்டிருக்கிறேன். மனிதர் வெளியேறிய இடத்திலே மரம் குடியேறியிருந்தது.

கூலியாட்களைப் பிடித்து, கோடரியாலும் கத்தியாலும் எல்லாவற்றையும் தரைமட்டமாக வெட்டுவித்தேன். கிணறு வெளிப்பட்டது, நீரும் பழைய நீரே, வாயில் இட்டால் இனித்தது. அக்காவுக்குக் கண் கலங்கிற்று. நானும் என் கடமை முடிந்ததென்று வீடு சென்றேன். அடுத்த மாரி கழிந்து போய்ப் பார்த்தால், ஒற்றை மரம் நின்ற இடத்திலே எட்டும் பத்துமாய்க் கிளைகள். முன்னை மரத்துக்கு முள் சிறிது. இவற்றுக்கு முள் பெரிது. மறுபடியும் வெட்டுவித்தேன். மறுபடியும் தழைத்தது. இப்படிப் பத்தாண்டு கழிந்தது.

என் அறிவீனம் ஒன்றையும் ஈண்டு மறையாது சொல்லிவிடுகிறேன். குற்றியிலே குழி தோண்டி உப்பை நிரப்பினால் மரம் பட்டுப்போகும் என்று யாரோ சொல்லக் கேட்டு, கிணற்றண்டை நின்ற பெருங் குற்றியொன்றிலே உப்பை இட்டு, மேலே பழைய எஞ்சின் எண்ணெயையும் ஊற்றினேன். உவர்நிலத்தைத் திருத்துவதற்கென்றே கொணரப்பட்ட மரத்துக்கு நான் உப்பு விருந்து வைத்திருக்கிறேன் என்பது அப்போது என் சிந்தைக்கு எட்டவில்லை. மரம் செழித்தது, பக்கத்திலே அக்கா நட்ட முருங்கை பட்டது. கிணற்றிலும் ஒரு மாதம் எண்ணெய் மணம் வீசிற்று. அம்மாதம் முழுதும் அக்கா அயல் வீட்டிலே தண்ணீர் எடுத்தார். என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் பெரிய தண்டனை.

அக்காவின் மகன் வேளாண்மை படித்தவன். 2023ஆம் ஆண்டு பொங்கலுக்கு வந்தவன், என் பத்தாண்டுப் போரைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“மாமா, நீங்கள் இத்தனை காலமும் மரத்தை வெட்டவில்லை, கத்தரித்து விட்டிருக்கிறீர்கள்” என்றான்.

பின்பு மண்ணை விலக்கி ஒரு குற்றியின் கழுத்தைக் காட்டினான். தண்டும் வேரும் கூடுமிடத்திலே, நிலமட்டத்துக்குச் சற்றுக் கீழே, பட்டைக்குள் உறங்கும் மொட்டுக்கள் பல உண்டாம். மேலே மரம் நிற்கும்வரை, உச்சியிலிருந்து இறங்கும் ஒருவகைச் சுரப்பு அவற்றை எழவிடாது அடக்கி வைத்திருக்கும். மரத்தை வெட்டினால் அந்த அதிகாரம் நீங்கிவிடும். வேரிலே சேமித்த மாச்சத்தை உண்டு எல்லா மொட்டும் ஒருங்கே விழித்தெழும். ஆகவே இம்மரத்தைத் தொலைப்பதற்கு இரண்டே வழி. ஒன்று, ஏறக்குறைய ஓரடி ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி, மொட்டுள்ள கழுத்தோடு வேரைத் துணித்தல். மற்றது, வெட்டிய குற்றியின் வாயிலே களைநாசினி தடவி வேரைச் சாகச் செய்தல்.

தமிழ்நாட்டிலே 2017ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கட்டளையிட்டதனால் சீமைக்கருவேல் ஒழிப்பு ஊர்தோறும் நடந்ததை அவன் எடுத்துக் காட்டினான். வேரோடு அகற்றிய இடத்திலே நிலம் வெளித்தது. மேலே மட்டும் அரிந்துவிட்ட இடத்திலே மறுமழைக்கு மரம் மீண்டது.

எங்களூரார் களைநாசினியை ‘மருந்து’ என்பர். ‘வயலுக்கு மருந்தடித்தாயா?’ என்பது அன்றாடப் பேச்சு. நஞ்சை மருந்தென்பதை இலக்கண நூலார் கூறும் மங்கல வழக்கிலே சேர்க்கலாம். ஆனால், மங்கல வழக்கு அபாயத்தை மறைத்துவிடுதலும் உண்டன்றோ? அக்கா அந்தச் சொல்லுக்கு மயங்கவில்லை.

“தம்பி, இந்தக் கிணற்றுத் தண்ணீரிலே நாளைக்கு எனக்கு ஒரு தேத்தண்ணீர் வைத்துத் தா; நீயும் குடி; பிறகு பூசு” என்றார் மகனைப் பார்த்து.

அன்றிரவு முழுதும் வழக்கு நடந்தது. நான் அக்காவின் பக்கம். வியட்நாமிலே 1962 முதல் 1971 வரை அமெரிக்கப் படையினர் வானிலிருந்து தூவிய மரங்கொல்லியைப் பற்றிச் சொன்னேன். 2,4-டி, 2,4,5-ரீ என்ற இரண்டின் கலவை அது. பின்னதனுடன் கலந்திருந்த டையொக்சின் என்னும் கொடு நஞ்சினால் அந்நாட்டு மக்கள் பட்ட துன்பம் உலகறிந்தது. அதே 2,4,5-ரீ, பற்றைகளையும் மரக்குற்றிகளையும் அழிக்கும் நல்ல மருந்தென்று பல நாடுகளில் விற்கப்பட்டதே. அமெரிக்காவிலேயே 1985இல் அல்லவா அதனை அடியோடு விலக்கினார்கள் என்றேன்.

மருமகன் மறுக்கவில்லை. தான் வாங்க நினைத்தது அதுவன்று, கிளைபோசேற் என்றான். அதன் வரலாறும் நேரானதன்று என்பதை அவனே சொன்னான். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இலே அதனைப் புற்றுநோய் விளைக்கக் கூடியதென ஐயுறத்தக்க வகையிலே சேர்த்தது. ஐரோப்பிய, அமெரிக்க ஒழுங்குமுறை நிறுவனங்கள் அம்முடிவை ஏற்கவில்லை. அதே ஆண்டில் இலங்கை அதைத் தடைசெய்தது. 2018இலே தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தியது. 2022இலே தடையை நீக்கியது. “அறிஞர்களே வாதாடுகிறபோது, நான் இதைத் தீங்கற்றதென்று சொல்லமாட்டேன், மாமா. ஆனால், வயலெங்கும் தெளிப்பது வேறு; ஒரு குற்றியின் விளிம்பிலே தூரிகையாலே தடவுவது வேறு” என்றான்.

அவன் விளக்கிய முறை இது. குற்றியின் நடுவே இருக்கும் வைரம் உயிரற்றது. அதிலே எவ்வளவு பூசினாலும் வீண். பட்டைக்குச் சற்று உள்ளே வட்டமாய் ஓடும் மெல்லிய படையே உயிருள்ளது. இலை ஆக்கிய உணவு அதன் அயலாலேதான் வேருக்கு இறங்கும். வெட்டியவுடன் அவ்வட்டத்தில் மட்டும் தடவினால், நஞ்சு உணவோடு உணவாக வேருக்குப் போகும். நீரில் கரைந்த மருந்தாயின் சில நிமிடத்துக்குள் தடவ வேண்டும். தாமதித்தால் வெட்டுவாய் காய்ந்து அடைபட்டுவிடும். மாரி கழிந்து இலை செழித்திருக்கும் தை, மாசியே தக்க காலம். அப்போதுதான் மரம் வேருக்கு உணவனுப்பும். ஆஸ்திரேலியாவிலே இதே இன மரங்களுக்கு, வெட்டாமலே அடிமரப் பட்டையில் டீசலோடு கலந்த வேறொரு மருந்தைப் பூசுவர் என்றும் சொன்னான். டீசல் என்றதும் அக்கா என்னைப் பார்த்தார்; நான் நிலத்தைப் பார்த்தேன்.

“களிமண் இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் மணல் அப்படிப் பிடிக்காது. அதனால்தான் கிணற்றுக்குக் கிட்ட நான் ஒரு துளியும் வைக்கமாட்டேன்” என்று மருமகன் தானாகவே சொன்னபோது வழக்கு முடிவுக்கு வந்தது. தன் கட்சியின் குறையைத் தானே எடுத்துச் சொல்பவனை எப்படி மறுப்பது? கிணற்றைச் சுற்றி நூறடிக்குள் நின்ற 11 மரங்களையும் அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு தோண்டியே எடுப்பது. அப்பால் நின்ற 36 மரங்களுக்கு மாத்திரம் தடவுவது என்று தீர்மானித்தோம். அக்கா மேலும் ஒரு நிபந்தனை விதித்தார். புட்டி ஓரிரவும் வீட்டிலே இருத்தலாகாது. மிச்சத்தைச் சோடாப் போத்தலிலே ஊற்றி வைக்கும் பேச்சே கூடாது. அந்நிபந்தனையின் பொருள் எங்கள் நாட்டாருக்கு விளக்க வேண்டுவதில்லை. கைக்கெட்டும் நஞ்சினால் ஒரு நொடிக் கோபத்திலே எத்தனை உயிர்கள் போயின! பரகுவாற் என்னும் களைநாசினியை 2008 முதல் அரசு படிப்படியாக விலக்கிய பின்னர் அவ்வகைச் சாவுகள் குறைந்தன என்பது பதிவான உண்மை.

தைமாதத்து ஒரு சனிக்கிழமை வேலை தொடங்கியது. மருமகன் கையுறையும் நீண்ட காற்சட்டையும் அணிந்து, சுட்டியிலே எழுதியிருந்ததை எனக்குப் பாடம்போல் இருமுறை வாசித்துக் காட்டினான். நீலச் சாயம் சிறிது கலந்தான். எது தடவியது, எது தடவாதது என்று தெரிய வேண்டுமல்லவா? ஒருவர் வாளால் அரிந்ததும் அவன் தூரிகையோடு குனிவான். காலையிலே 27 முடிந்தன. உச்சி வெயிலிலே ஒன்பது மரங்களை அரிந்துவிட்டு ஆட்கள் கஞ்சிக்குப் போய்விட்டார்கள். அவன் அப்போது கிணற்றடியில் தோண்டுவோருக்குத் துணையாய் நின்றான். திரும்பி வந்து அவ்வொன்பதுக்கும் தடவும்போது ஒரு மணி நேரம் கடந்திருந்தது. தோண்டும் வேலைதான் பெரிது. 11 மரத்தைக் கழுத்தோடு எடுக்க நால்வருக்கு மூன்று நாட் பிடித்தது. என் உள்ளங்கையிலே முள் ஏறி ஒரு வாரம் சுண்ணக்கட்டி பிடிக்க முடியவில்லை. களைவோன் கையை முள்மரம் வருத்துமென்பதை அன்று உரையின்றியே அறிந்தேன்.

சித்திரையிலே எண்ணிப் பார்த்தோம். தோண்டிய இடத்திலே ஒன்றும் எழவில்லை. காலையிலே தடவிய 27இல் இரண்டு தழைத்தன. கஞ்சிக்குப் பின் தடவிய ஒன்பதில் ஏழு தழைத்தன. மருந்து ஒன்று, கை ஒன்று, நாள் ஒன்று. வேற்றுமை ஒரு மணி நேரமே. அந்த ஒன்பதையும் மறு தையிலே மீண்டும் அரிந்து உடனே தடவுவதென்று குறித்துக்கொண்டோம்.

இத்தோடு கதை முடிந்ததென்று நான் எண்ணினேன். கார்த்திகை மழை பெய்ததும் வளவெல்லாம் பச்சை நூல் இழைத்தாற்போல் நாற்றுக்கள் கிளம்பின. மண்ணிலே ஆண்டுக்கணக்காக உறங்கிய விதைகள், நிழல் நீங்கி வெயில் பட்டதும் விழித்துவிட்டன. நான் திகைத்து நின்றேன். என்னோடு வந்திருந்த மாணவன் ஒருவன், “ஐயா, இதற்கும் மருந்து பூச வேண்டுமோ?” என்று கேட்டான், கேட்டுக்கொண்டே குனிந்து ஒன்றை இரு விரலாற் பிடுங்கினான். வேரோடு வந்தது. முள் இன்னும் பூவிதழ்போல் மெத்தென்றிருந்தது. அன்று மாலைக்குள் ஏழு பிள்ளைகள் வளவு முழுவதையும் பிடுங்கித் தீர்த்தனர்.

அப்போதுதான் அந்தக் குறள் எனக்கு விளங்கிற்று. வெட்டுதல் மேலுள்ளதைத் துணிப்பது. கொல்லுதல் மீளாமற் செய்வது. இரண்டையும் ஒன்றென மயங்கிப் பத்தாண்டைச் செலவிட்டவன் நான். நஞ்சும் அலவாங்கும் நம் தாமதத்துக்கு நாம் கொடுக்கும் விலை. உரிய காலத்திலே இரு விரலே போதும். மன்னாரிலே விட்டுவந்த நிலங்களுக்கு மீள்வோர் எவரும் முதல் மழையோடு வளவைச் சுற்றி வருதல் வேண்டும். முற்றிய மரத்தை அகற்றுமுன், கிணறு எங்கே என்று பார்த்தல் வேண்டும். களைநாசினி வாங்குவோர் அதை மருந்தென்று எண்ணாது நஞ்சென்று எண்ணி, வேண்டிய அளவே வாங்கி, சுட்டியில் உள்ளபடியே கையாளுதல் வேண்டும்.

வெட்டிய மரத்தை அக்கா வீணாக்கவில்லை. கிளைகளைத் தறித்து அடுக்கி, ஓராண்டு முழுதும் விறகாய் எரித்தார். 2024 பொங்கலன்று நாங்கள் போனபோது, முற்றத்து அடுப்பிலே அதன் கடைசிக் கட்டைகள் எரிந்துகொண்டிருந்தன. புகை என்னை மண்டபத்துக்கே கொண்டு போயிற்று.

“அங்கே எங்களுக்குச் சோறாக்கித் தந்த மரம், தம்பி. கோபிக்க மனம் வருகுதில்லை” என்றார் அக்கா.

மருமகன் கிணற்றிலே வாளியை இறக்கி நீர் மொண்டு வந்தான். முதலிலே தான் ஒரு மிடறு குடித்துவிட்டுப் பானையை நிரப்பினான்.